பீடோங் பக்கம் படம் வரையும் சியாம் சாமி: போவதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

செம்பனைக்காரி கேட்டது:

கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து உள்ளே, செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு சியாம் சாமி (தாய்லாந்து முறைப் புத்த பிக்கு) குடில் போட்டுத் தங்கியிருக்கிறார். துணியில் ஜாதகக் கதைகளை, அதாவது புத்தரின் முற்பிறவிக் கதைகளை, படமாக வரைகிறவர். கூடவே 11 நாய். அடுத்த மாதம் குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். பெரியவர்கள் 4, பிள்ளைகள் 2. அம்மாவுக்கு 70 வயது, நாய் என்றால் நடுக்கம். நாங்கள் கோயில் குளம் என்று வளர்ந்தவர்கள், புத்த முறை ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

1. எந்த நேரத்தில் போவது?
2. சமைத்து எடுத்துப் போகலாமா? எதை, எப்படிக் கொடுப்பது?
3. படம் ஒன்று வாங்க ஆசை. விலை கேட்கலாமா? மகளை (14 வயது) அப்படியே வரைந்து தருவாரா?
4. வண்ணம், தூரிகை வாங்கிக் கொடுத்தால் எதை வாங்குவது?
5. நாய்களுக்கு என்ன கொண்டு போவது? அம்மாவை என்ன செய்வது?

---

கப்பியம் பதில்:

முதல் இரண்டுக்கும் நான் சொல்கிறேன். படம், நாய் இரண்டையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நேரம்: தேரவாத பிக்கு உச்சிப்பொழுது தாண்டினால் அன்று சாப்பிட மாட்டார். இங்கே பெரும்பாலான குடில்களில் 11 மணிக்குத் தானம், 12-க்குள் கை கழுவிவிடுவார்கள். நீங்கள் 10.30-க்குக் குடிலில் இருக்க வேண்டும். பீடோங் பசாரில் பசியாறிவிட்டுப் போகலாம் என்று 9.30-க்கு உட்கார்ந்தீர்களானால் காரியம் கெட்டது. வீட்டிலேயே பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். பௌர்ணமி, அமாவாசை இரண்டும் உபோசதம் என்ற நோன்பு நாள். அன்று கூட்டம் இருக்கும், உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது. ஜூலை ஆடிப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி அக்டோபர் வரை மழைக்கால வாசம். அப்போது பிக்கு ஒரே இடத்தில் இருப்பார், போய்ப் பார்த்து ஆளில்லை என்று திரும்பி வருவது குறைவு. ஆனால் சிலர் அந்த மூன்று மாதமும் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அதனால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

யாரிடம் கேட்பது? சாமியிடம் அல்ல, கப்பியரிடம். பிக்குவுக்காகப் பொருளை வாங்கி வைத்து, வேளை வரும்போது எடுத்துக் கையில் கொடுக்கிற இல்லறத்தார்தான் கப்பியர். ஒவ்வொரு குடிலிலும் ஒருவராவது இருப்பார், பெரும்பாலும் பக்கத்துக் கம்பத்துச் சியாம்காரர் அல்லது டவுனில் கடை வைத்திருக்கும் சீனர். கெடா மலாய் தெரிந்தால் போதும். உங்கள் வருகையில் பாதி வேலை இவரோடுதான்.

சாப்பாடு: சமைத்தே கொண்டு போங்கள். பச்சை அரிசி, பச்சை இறைச்சி இரண்டையும் பிக்கு கையால் வாங்கக் கூடாது. 10 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமி முன்னால் வைக்கிறவர்கள் உண்டு. அது தப்பு, சமையல் கட்டில் கப்பியரிடம் கொடுத்தால் சரி. சைவம் கட்டாயமில்லை. தனக்காக அறுத்தது என்று கண்டிருந்தாலோ கேட்டிருந்தாலோ சந்தேகப்பட்டாலோ அந்த இறைச்சி ஆகாது, அவ்வளவுதான். "சாமிக்குன்னே கோழி அடிச்சோம்" என்று பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள். சொன்ன வாய்க்குள்ளேயே அந்தச் சட்டி ஆகாததாகிவிடும். வெங்காயம், பூண்டு தடையில்லை. அந்தத் தடை சீன மகாயானக் கோயிலில்தான்.

கொடுக்கும் விதம், இதில்தான் நம்மாட்கள் தடுமாறுவார்கள். மேசையில் பரப்பி வைத்துவிட்டு "சாப்பிடுங்க சாமி" என்றால் அவர் தொட முடியாது. கையில் தர வேண்டும். ஒரு சராசரி ஆள் தூக்கக்கூடிய எடையாக இருக்கணும்; இரண்டரை முழத்துக்குள் நெருங்கி நிற்கணும்; கொடுக்கிற பாவனையில் குனிந்து நீட்டணும்; அவர் கையாலோ, கையில் பிடித்த பாத்திரத்தாலோ துணியாலோ வாங்கணும். பெண்கள் கொடுக்கும்போது சியாம் முறையில் முன்னால் ஒரு துணியை விரித்து அதன் ஓரத்தைப் பிடித்துக்கொள்வார். தட்டைத் துணி மேல் வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். இலங்கைச் சம்பிரதாயத்தில் பெரும்பாலும் நேராகவே வாங்கிக்கொள்வார்கள். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இலங்கை விஹாரத்தில் பார்த்ததை இங்கே செய்யாதீர்கள்.

கொடுத்த பிறகு தட்டைத் தொடக் கூடாது. "இந்தப் பொரியல் தள்ளி இருக்கே" என்று யாராவது அத்தை நகர்த்தி வைப்பார். தொட்டால் மறுபடி முதலிலிருந்து கொடுக்க வேண்டும். பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். அத்தைகளிடமும்.

பழம்: முளைக்கக்கூடிய விதை உள்ள பழத்தைக் கொடுத்தால் அவர் "கப்பியம் கரோஹி" (ஏற்கத்தக்கதாக்கு) என்பார். நீங்கள் கத்தியால் ஒரு கீறல் போட்டு "கப்பியம் பந்தே" (ஏற்கத்தக்கது, சாமி) என்று சொல்ல வேண்டும். கொய்யா, பப்பாளி, தக்காளி எல்லாம் இதில் சேரும். விதையை எடுத்துவிட்டு நறுக்கிக் கொண்டு போனால் இந்தச் சடங்கே வேண்டியதில்லை.

பணம்: கையில் தராதீர்கள், தட்டிலும் வைக்காதீர்கள். உறையில் போட்டுக் கப்பியரிடம் கொடுத்து, இன்னதுக்கு என்று சொல்லுங்கள். பலரும் பிளாஸ்டிக் வாளியில் சோப்பு, தேயிலை, பிஸ்கோத்து அடுக்கி விற்பதை வாங்கிப் போகிறார்கள். வாங்கினால் உறையைக் கிழித்துத் தேதி பாருங்கள், அடியில் இருப்பது பல நேரம் முடிந்துபோன சரக்கு.

பெண்கள் தனியாகச் சாமியோடு அறையில் இருக்கக் கூடாது. கூட ஒரு ஆண் இருக்க வேண்டும். உங்கள் மகள் படம் பார்க்கப் போனாலும் அப்பாவோ மாமாவோ உடன் போகட்டும். தோள் மூடிய சட்டை, முட்டிக்குக் கீழே பாவாடை அல்லது கால்சட்டை. கூப்பிட "பந்தே" போதும், "சாமி" என்றாலும் கோபிக்க மாட்டார். உட்காரும்போது காலை அவர் பக்கமோ படத்தின் பக்கமோ நீட்டாதீர்கள்.

---

நிழற்கோல் பதில்:

கப்பியம் அண்ணே சொன்ன 12 மணி வழக்கம், விதி இல்லை. விதி சூரிய உச்சி. நம் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது, பீடோங் இருப்பது ஏறக்குறைய 100.5 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் என்றால் 78 நிமிட வித்தியாசம். அதனால் இங்கே உச்சி சராசரியாக மதியம் 1.18-க்கு. நவம்பர் தொடக்கத்தில் 1.02 வரை முந்தும், பிப்ரவரி நடுவில் 1.32 வரை பிந்தும். 1982 ஜனவரி 1-ல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்களே, அதனால்தான் இவ்வளவு தூரம். எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்னால் என்பதால் அங்கே 12-க்குச் சாப்பிட்டு முடிப்பது இயல்பாக இருக்கிறது. இங்கே வந்தும் அதே எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

வழியில் டயர் பஞ்சராகி 11.45-க்குப் போய்ச் சேர்ந்தால் அழ வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். கப்பியரிடம் கேளுங்கள், உச்சி நேரம் பார்த்து ஏற்றுக்கொள்கிறவரும் உண்டு.

---

கப்பியம் பதில்:

கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் முதல் தடவை போகிறவர் சாமியோடு தீர்க்கரேகை பேசிக்கொண்டிருக்க வேண்டாம். 10.30.

---

வாலாட்டி பதில்:

நாய் பக்கம் நான். முதல்ல அம்மா.

வண்டியை வாசல் வரைக்கும் ஓட்டிட்டுப் போகாதீங்க. கேட்டுக்கு வெளியவே நிறுத்தி, ஹார்ன் அடிக்காம, கப்பியருக்குப் போன் போடுங்க. அவர் வந்து துடுக்கான ரெண்டு மூணைக் கட்டின பிறகு அம்மா இறங்கட்டும். அதுவரைக்கும் கண்ணாடி ஏத்தி வண்டியிலேயே உக்காரட்டும். கையில குடை, தடி எதுவும் வேணாம். தைரியத்துக்குன்னு எடுத்துட்டுப் போவாங்க, நாய்க்கு அது அடிக்க வர்ற ஆளு. மோட்டார்ல வர்றவங்க ஹெல்மெட்டைக் கழட்டிட்டு உள்ள வாங்க. முகம் தெரியாத தலையைப் பாத்தா அமைதியான நாயும் குரைக்கும்.

நாய் கிட்ட வந்தா நேருக்கு நேர் கண்ணைப் பாக்காம, பக்கவாட்டுல திரும்பி, கையைத் தொங்கவிட்டு நில்லுங்க. மோந்து பாத்துட்டுப் போயிடும். பிள்ளைங்களுக்கு ஒரே சொல்: மரம் மாதிரி நில்லு. ஓடுனா துரத்தும், கத்துனா தாவும். சாப்பிடுற நாய், தூங்குற நாய், குட்டி போட்ட நாய் மூணுகிட்டயும் போகாதீங்க. தின்பண்டப் பையைக் கையில வச்சுக்கிட்டு நடக்காதீங்க, 11 நாய் ஒண்ணா வந்தா உங்களைக் கடிக்காது, ஒண்ணையொண்ணு கடிச்சுக்கும். நடுவுல உங்க கை மாட்டும்.

கடி பட்டா, கீறல்னாலும் சரி, ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. கடிகாரம் பாத்து 15. அப்புறம் நேரா கிளினிக் கெசிஹாத்தான், அதான் அரசாங்க சுகாதாரக் கிளினிக். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீங்க. 2015-ல வெறிநாய்க்கடி நோய் கெடா, பெர்லிஸ், பினாங்குல தலை காட்டுச்சு, தாய்லாந்து எல்லை வேற பக்கத்துல. அதனால நாய்களுக்கு ஊசி போட்டாச்சான்னு கப்பியர்கிட்ட கேக்கிறது மரியாதைக் குறைவு இல்ல. கிளினிக்கிலயும் அதைத்தான் முதல்ல கேப்பாங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, கெடாவுல அரசாங்க லீவு வெள்ளி, சனி. ஞாயித்துக்கிழமை போனா கிளினிக் திறந்திருக்கும்.

சாப்பாடு: மீந்த சாம்பார் சாதத்தை நாய்க்குப் போடலாம்னு எடுத்துட்டுப் போகாதீங்க. வெங்காயம், பூண்டு நாயோட சிவப்பணுவை உடைக்கும். உடம்பு எடையில கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே போதும், அதாவது 15 கிலோ நாய்க்கு 225 கிராம்ல இருந்தே ஆபத்து. வேக வச்சாலும் அந்தச் சத்து போகாது. சின்ன வெங்காயம் கரைஞ்ச குழம்புல துண்டைப் பொறுக்கி எடுத்துட்டுக் குடுத்தாலும் சாறு சோத்துல ஊறித்தான் இருக்கும். ஒரு நாள்ல தெரியாது. மூணு நாலு நாள் கழிச்சு ஈறு வெளுத்து, மூத்திரம் கோப்பி ஓ (பாலில்லாக் காப்பி) நிறத்துல போகும்போதுதான் தெரியும், அதுக்குள்ள யாரு போட்ட சோறுன்னே மறந்து போயிருக்கும். தானத்துக்கு வர்றவங்க ஒவ்வொருத்தரும் மிச்சத்தைப் போட்டுட்டுப் போனா அந்த நாய் தினமும் வெங்காயம் தின்னுது. வெந்த கோழி எலும்பும் வேணாம், ஊசி மாதிரி பிளந்து குடலைக் குத்தும். திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் எல்லாம் பிள்ளைங்க பையிலயே இருக்கட்டும்.

கொண்டு போறதுன்னா மூட்டைத் தீவனம். 11 நாய், சராசரி 15 கிலோன்னு வச்சுக்கிட்டா தலைக்கு 200 முதல் 250 கிராம், நாளைக்கு ரெண்டரை கிலோ. 20 கிலோ மூட்டை எட்டு நாள் வரும். எந்த மார்க் சாப்பிடுதுன்னு கேட்டுட்டு அதையே வாங்குங்க. திடீர்னு மாத்துனா 11 நாய்க்கும் வயித்துப்போக்கு, அந்தக் குடிலைக் கூட்டுறவர் உங்களை வாழ்த்த மாட்டார். மாத்தித்தான் ஆகணும்னா பழசுல புதுசைக் கொஞ்சம் கொஞ்சமா சேத்து ஒரு வாரத்துல மாத்தணும். இறுக்கமா மூடுற பெரிய டப்பா ஒண்ணு சேத்துக் குடுத்தா புண்ணியம், இந்த ஈரத்துல திறந்த மூட்டை பூஞ்சை பிடிக்கும்.

இன்னொரு பெரிய உதவி உண்ணி மருந்து. ஃப்ளூராலனர் மாத்திரை ஒண்ணு 12 வாரம் தாங்கும், ஆனா எடைக்குத் தக்க அளவு. எடை தெரியாம வாங்காதீங்க. கப்பியர் நாயைத் தூக்கிக்கிட்டுத் தராசுல நின்னு, அப்புறம் தனியா நின்னு கழிச்சாப் போதும். மருந்தைச் சாமி கையில குடுக்கக் கூடாது. உண்ணியைக் கொல்றது அவருக்குப் பாச்சித்தியக் குற்றம் (இன்னொரு பிக்குகிட்ட ஒத்துக்க வேண்டிய குற்றம்), தெரிஞ்சே அவர் செய்ய மாட்டார். கப்பியர்கிட்ட குடுங்க, எப்ப போட்டாங்கன்னு சுவத்து நாள்காட்டியில குறிச்சு வைக்கச் சொல்லுங்க. உண்ணியில பாதிக்கு மேல நாய் மேல இருக்காது, சுவர் வெடிப்புல இருக்கும். நாய் மூக்குல ரத்தம், ஈறு வெளுப்பு, சாப்பாட்டை வெறுக்கிறதுன்னா உண்ணிக் காய்ச்சல், அது மருத்துவர் வேலை. மனுஷனுக்குப் போடுற பாரசிட்டமால் நாய்க்கு விஷம்.

செம்பனைத் தோட்டம்கிறதால ஒண்ணு கூடுதலா. தோட்டத்துல எலிக்கு மருந்து வைப்பாங்க, ரத்தம் உறையாம செய்ற வகை. செத்த எலியைத் தின்ன நாய்க்கு ரெண்டு மூணு நாள் கழிச்சு உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். வைட்டமின் கே1 தான் மாத்து, சீக்கிரம் போனாப் பிழைக்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணியில லெப்டோ (எலிக்காய்ச்சல்) கிருமி இருக்கும், பிள்ளைங்களைச் செருப்பில்லாம குட்டையில இறங்க விடாதீங்க.

கிராப்ல போறதா இருந்தா ஒரு யோசனை. ஓட்டுறவர் மலாய்க்காரர்னா, நாய் எச்சில் ஈரமா பட்ட இடத்தை அவங்க முறைப்படி ஏழு தடவை கழுவணும், அதுல ஒண்ணு மண் கலந்த தண்ணி. அந்த வேலையை அவருக்கு வைக்காதீங்க. சொந்த வண்டி நல்லது. இல்லைன்னா மாத்து உடுப்பு, ஒரு போத்தல் தண்ணி, துண்டு எடுத்துட்டுப் போய், திரும்புறப்ப கை கால் கழுவி உடுப்பு மாத்திட்டு ஏறுங்க.

குட்டி நாய் யாராவது "அங்க விட்டுட்டு வாங்க"ன்னு குடுத்தா வாங்காதீங்க. 11 வந்ததே அப்படித்தான் இருக்கும். அதுக்குப் பதிலா ஒரு பெட்டை நாய்க்குக் கருத்தடை செலவை ஏத்துக்கோங்க.

---

செம்பனைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. வாலாட்டி அண்ணே, சாம்பார் சாதம்தான் திட்டமாக இருந்தது, நல்லவேளை. கப்பியம் ஐயா, மதியத்துக்குப் பிறகும் அங்கே இருப்போம். வெயிலுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கலாமா? நாய்க்கென்று கொண்டு போவதைச் சாமியிடம் காட்ட வேண்டுமா?

---

கப்பியம் பதில்:

இளநீர் காலையில் கொடுங்கள், உச்சிக்குப் பிறகு ஆகாது. உச்சிக்குப் பிறகு வடிகட்டிய பழச்சாறு குடிக்கலாம். ஆனால் பெரிய காய்கனி என்று ஒரு வரிசையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்: பனம்பழம், தேங்காய், பலா, ஈரப்பலா, சுரை, பூசணி, தர்பூசணி போன்றவை. இளநீர் தேங்காய்க் கணக்கில் போய்விடும், தர்பூசணிச் சாறும் போய்விடும். எலுமிச்சை, ஆரஞ்சு, சிறு திராட்சை சரி. சக்கை இல்லாமல் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். பால் கூடாது, அதனால் தே தாரிக் வேண்டாம், தே ஓ கொடுங்கள். தேன், வெல்லம், நெய் மருந்துக் கணக்கில் ஏழு நாள் வைத்துக்கொள்ளலாம். ஒரு கட்டி குலா மலாக்கா (தென்னை வெல்லம்) கொடுத்துப் பாருங்கள், எந்தக் குடிலிலும் அதை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நாய்த் தீவனத்தைக் காட்ட வேண்டியதில்லை, சமையல் கட்டில் இறக்கி "இது நாய்களுக்கு" என்று வாயால் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் சாமிக்கு வந்த தானமா என்று கப்பியர் குழம்புவார். நாய்க்கென்று பச்சைக் கோழி கொண்டு போனாலும் சாமி கையில் தராதீர்கள்.

இன்னொன்று விட்டுப்போனது. பிக்கு தானாக "எனக்கு இது வேண்டும்" என்று கேட்க மாட்டார். சொந்தக்காரர் அல்லாதவரிடம், அவர் அழைப்பு வைக்காமல், கேட்பது விதிக்கு மாறு. "என்ன வேணும் சாமி?" என்று பொதுவாகக் கேட்டால் சிரித்துக்கொண்டே இருப்பார், நீங்கள் ஒன்றும் வேண்டாம் போலிருக்கிறது என்று திரும்பி வருவீர்கள். அழைப்பு வைக்க வேண்டும், பாளியில் பவாரணா. பொருள், அளவு, காலம் மூன்றையும் சொல்லி: "பந்தே, வரும் 4 மாதத்துக்கு வண்ணமும் துணியும் 300 வெள்ளிக்குள் (ரிங்கிட்) தேவைப்பட்டால் கப்பியர் மூலம் எங்களிடம் சொல்லுங்கள்." இப்படிச் சொன்னால்தான் அவரால் வாய் திறக்க முடியும். அடுத்து வருகிற வண்ணப் பேச்சுக்கு இதுதான் சாவி.

---

தாழைத்தூரிகை பதில்:

படம் விஷயம்.

விலை கேட்காதீர்கள். காசு வைத்து வாங்குவதும் விற்பதும் பண்டமாற்றும் பிக்குவுக்கு நிஸ்ஸக்கியக் குற்றங்கள், அதாவது கிடைத்த பொருளைக் கைவிட வேண்டிய குற்றங்கள் (வரிசையில் 19, 20). "இந்த யானைப் படத்துக்கு 200 தர்றேன்" என்று நீங்கள் சொன்ன நொடியில், அவர் தர நினைத்திருந்தாலும் தர முடியாமல் போகும். படத்தை ரசியுங்கள், கேள்வி கேளுங்கள், நிறுத்துங்கள். குடிலுக்கு நிர்வாகக் குழு இருந்து அவர்கள் படங்களை வைத்துக் கட்டட நிதி திரட்டினால் அது அவர்கள் கணக்கு, அவர்களோடு பேசுங்கள்.

மகளின் உருவப்படம்: கேட்க வேண்டாம். விஹாரத்தில் ஆண் பெண் உருவங்களை வரைவித்தபோது புத்தர் அதைத் தடுத்து, மாலை வேலை, கொடி வேலை, மகரப்பல் வேலை போன்றவற்றை அனுமதித்ததாக, பிக்குகளின் ஒழுக்க விதி நூலான விநயத்தில் சுல்லவக்கம் என்ற பகுதி சொல்கிறது. பின்னால் வந்த உரை, மனத்தில் நல்லெண்ணம் எழுப்பும் ஜாதகக் கதைகளைப் பிறரைக் கொண்டு வரைவிக்கலாம் என்றது. ஜாதகப் படத்துக்கு இடம் இருப்பதற்கும் உங்கள் மகளை அவர் வரைய மாட்டார் என்பதற்கும் இதுதான் காரணம். மகள் தன் படங்களைக் கொண்டு போய்க் காட்டலாம். கொடி வரிசை ஒன்றை எப்படித் தொடங்குவது என்று கேட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

நாய் வளர்ப்பவரிடம் 22-ஆம் ஜாதகமான குக்குர ஜாதகத்தை வரைந்திருக்கிறாரா என்று கேளுங்கள். அரசனின் தேர்த்தோலை நாய்கள் தின்றுவிட்டன என்று ஊர் நாய்களையெல்லாம் கொல்லச் சொல்கிறான். சுடுகாட்டு நாய்த் தலைவன் நேரே அரண்மனைக்குப் போய், மோரில் தருப்பைப் புல்லைக் கரைத்து அரண்மனை நாய்களுக்குக் கொடுக்கச் சொல்கிறது. அவை தோலைக் கக்குகின்றன. அந்தக் கக்கும் காட்சியை ஓவியர் எப்படிக் கண்ணியமாக வரைகிறார் என்று பார்ப்பது ஒரு சுவை.

இனிப் பொருள். சியாம் துணிப்படத்துக்குப் பிரா போட் என்று பேர். பழைய முறையில் நம் சமையலறைச் சரக்கே பாதி. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, புளியங்கொட்டைப் பசை பூசி, அதன் மேல் சுண்ணக்கல் மாவும் அதே பசையும் கலந்த வெள்ளைத் தளம் பூசுவார்கள். வண்ணத்துக்குக் கட்டுப்பொருள் விளாம்பிசின். தங்க ரேக்கு ஒட்ட அத்தி மரப் பால். படத்தில் மரத்தின் இலைக் கொத்தைக் குத்திக் குத்தி வரைய, நுனி நசுக்கிய தாழை வேர். இதில் வேர் தோண்டுவதும் மரம் கீறுவதும் பிக்கு செய்யக் கூடாத வேலை, உயிருள்ள செடியை அவர் சேதப்படுத்த முடியாது, மண்ணும் தோண்ட முடியாது. ஆகவே நீங்கள் கொண்டு போக வேண்டியது கடையில் கிடைக்காத இந்தச் சாமான்களைத்தான். டியூப் வண்ணம் யாரும் கொண்டு வருவார்கள்.

புளியங்கொட்டை: வீட்டில் புளி கரைத்ததும் எறிகிற கொட்டையைக் கழுவிக் காயவைத்து ஒரு கிலோ சேருங்கள். வாணலியில் வறுத்தால் சிவப்புத் தோல் வெடித்து உரியும். தோல் ஒட்டியிருந்தால் பசை பழுப்பாகி வெள்ளைத் தளத்தைக் கெடுக்கும், அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்து உரியுங்கள். வெள்ளைப் பருப்பை இடித்து மெல்லிய சல்லடையில் சலித்துப் பொடியாகவே கொடுத்துவிடலாம், காய்ந்த பொடி மூடிய டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கும். காய்ச்சும்போது 50 கிராம் பொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பில் 20 முதல் 30 நிமிடம் கிண்ட வேண்டும். கொதிநீரில் கொட்டினால் மீன் கண் மாதிரி உருண்டை உருண்டையாகி உள்ளே மாவு வேகாமல் நிற்கும், அதை எதைக் கொண்டும் கரைக்க முடியாது. காய்ச்சிய பசை இந்த வெயிலில் இரண்டாம் நாள் நாறும், ஆகவே பசையாகக் கொண்டு போகாதீர்கள்.

வெள்ளை மாவு வாங்கும்போது கவனம். வேண்டியது சுண்ணக்கல் மாவு. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு அல்ல. இரண்டும் வெள்ளை, கடைக்காரருக்கும் குழப்பம் வரும். வீட்டிலேயே சோதிக்கலாம்: ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் கரைத்து மஞ்சள்தூள் தூவுங்கள். சிவந்தால் சுண்ணாம்பு, திருப்பிக் கொடுங்கள். ஆரத்தித் தட்டில் நடப்பது இதேதான். சியாம் சுவர் ஓவியர்களும் இதையே செய்திருக்கிறார்கள்: பூச்சு காய்ந்த சுவரை மஞ்சள் கொன்றை இலை இடித்த தண்ணீரால் கழுவிக்கொண்டே இருப்பார்கள், பிறகு மஞ்சளால் கோடு போட்டுப் பார்ப்பார்கள். கோடு சிவந்தால் சுவரில் காரம் பாக்கி, மஞ்சளாகவே நின்றால் வரையலாம். காரம் இருக்கும் சுவரில் வரைந்தால் சில வண்ணங்கள் வெளிறும், உப்பு பூத்துத் தளமே உதிரும்.

விளாம்பிசின் இங்கே கிடைப்பது அபூர்வம். இந்திய மளிகைக் கடையில் கருவேலம் பிசின் கேளுங்கள். பிசின் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, இராத்திரி ஊறவைத்துத் துணியில் வடிகட்டினால் வேலை நடக்கும். பால்மரத்து ஊர் ஆச்சே, ரப்பர்ப் பாலைப் பசையாகப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். காய்ந்து சில வருடத்தில் பழுத்து, ஒட்டி, பிறகு நொறுங்கும்.

வாங்கவே கூடாதவை: நாட்டு மருந்துக் கடையில் அரிதாரம், சாதிலிங்கம் கிடைத்தால் "பழைய முறை வண்ணம்" என்று வாங்கிப் போகாதீர்கள். ஒன்றில் ஆர்செனிக், மற்றதில் பாதரசம். பழைய ஓவியர்கள் பயன்படுத்தியவைதான், ஆனால் அந்தக் குடிலில் புளியம்பசை வாசத்துக்குக் கிண்ணத்தை நக்க 11 நாக்கு காத்திருக்கிறது. காட்மியம் வண்ணமும் தூளாக வேண்டாம். அக்ரிலிக் வாங்குவதானால் மற்ற நிறத்தில் ஒன்றுக்கு வெள்ளை இரண்டு என்ற கணக்கில் வாங்குங்கள், முதலில் தீர்வது வெள்ளை. மெல்லிய சிவப்புக் கோடு இழுக்கும் தூரிகை 0, 1 எண்களில் செயற்கை முடி போதும்.

---

வாலாட்டி பதில்:

தாழைத்தூரிகை சொன்னதோட ஒண்ணு: ஈரத் தளத்துல நாய் முடி ஒட்டுனா காய்ஞ்ச பிறகு எடுக்க முடியாது, பிடுங்குனா தளத்தோட வரும். வலைக் கதவு ஒண்ணு, 3 அடிக்கு 7 அடி, போட்டுக் குடுத்தா சாமிக்கும் நாய்க்கும் ரெண்டு பேருக்கும் நிம்மதி. டவுன்ல கதவு, கிரில் பட்டறையிலயே செய்வாங்க. அளவு எடுத்துட்டு வந்து செய்யுங்க.

---

செம்பனைக்காரி:

புளியங்கொட்டை சேர்க்கத் தொடங்கிவிட்டோம். அவரே மனமுவந்து ஒரு படம் கொடுத்தால் எப்படிக் கொண்டு வருவது? காரில் 2 மணி நேரப் பயணம்.

---

தாழைத்தூரிகை பதில்:

சட்டத்தோடு தந்தால் அப்படியே, படம் எதையும் தொடாமல் பின் இருக்கையில் நிமிர்த்தி. சுருட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சுண்ணத் தளம் உள்ள துணியை ஒல்லியாகச் சுருட்டக் கூடாது, 15 சென்டிமீட்டர் விட்டமாவது உள்ள குழாய் மேல், படம் வெளிப்பக்கம் இருக்கும்படி. உள்பக்கம் வைத்தால் தளம் நசுங்கி அடுக்கடுக்காக உரியும், வெளிப்பக்கம் வந்தால் அதிகபட்சம் மெல்லிய கீறல், அது விரித்ததும் மூடிக்கொள்ளும். இடையில் மெழுகு இல்லாத வழவழப்புத் தாள், பிளாஸ்டிக் நேராகப் படக் கூடாது, உள்ளே வியர்த்துப் பூஞ்சை வரும். பூட்டிய வண்டியில் வெயிலில் விட்டுவிட்டு வழியில் சாப்பிட இறங்காதீர்கள். புத்தர் உருவம் இருந்தால் குழாயைக் காலடியில் போடாமல் மடியிலோ இருக்கையிலோ வைத்து வாருங்கள்.

வீட்டில் சாமி மேடைக்கு மேலே மாட்ட வேண்டும் என்று தோன்றும். அங்கே வேண்டாம், சாம்பிராணிப் புகையும் விளக்கு எண்ணெய்க் கரியும் சுண்ணத் தளத்தில் இறங்கினால் துடைக்க வழியில்லை, தண்ணீர் பட்டாலே வண்ணம் கரையும். மழைச் சாரல் அடிக்கிற வெளிச்சுவரும் வேண்டாம். உள்சுவரில், நாலு மூலையிலும் பின்பக்கம் கார்க்குத் துண்டு ஒட்டி, சுவருக்கும் சட்டத்துக்கும் 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டுங்கள்.